கராச்சர்மாவில் பூட்டிய வீட்டிலிருந்து வந்த ரத்த அழுத்தம்

போன ஏப்ரலில் நான்கு நாள் போர்ட் பிளேர் போனது ஊர் சுற்ற அல்ல. வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து செல்போனில் அனுப்பும் முறையை ஆராயும் சென்னைக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவிலிருந்து பார்வதி அம்மாவின் அளவு தினமும் தவறாமல் வரும். அவரைப் பார்க்க ஆசை.

ஜங்லிகாட் லாட்ஜில் ஐந்தரைக்கே வெயில் முகத்தில் அடித்தது. (தீவில் விடியல் சீக்கிரம்.) 6.10 பஸ், ஆறு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். கூடவே அந்தப் பகுதி சுகாதாரப் பணியாளர் செல்வி. யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் சட்டென்று திரும்பினார்.

"பார்வதி அம்மாவா? அவங்க போய் நாலு மாசம் ஆச்சே சார். மகன் வீட்டைப் பூட்டிட்டு மெயின்லாண்ட் போயிட்டார். நான் ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். உங்க ஆப்ல செத்துட்டாங்கன்னு போட இடமே இல்ல."

முந்தின நாள் காலைகூட 168/104 வந்திருந்தது. திரையைக் காட்டினேன். படித்துவிட்டுப் போனை என் கையில் தராமல் இருக்கையில் வைத்தார்.

ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம். பூட்டு துருவேறியிருந்தது. உள்ளே கருவி காற்றடைக்கும் சத்தம். பிறகு நாங்கள் பதிவு செய்த குரல்: "பார்வதி அம்மா, மாத்திரை சாப்பிட்டீர்களா?"

"சாப்ட்டேன்" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், போயிடலாம்."

ஆனாலும் வீட்டைச் சுற்றிப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. கையில் கருவியின் பட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பின்னறையில் வாடகைக்கு இருக்கும் சரசு. மகன் சாவியையும் அம்மாவின் போனையும் அவரிடம்தான் விட்டுப் போயிருந்தார்.

"எங்கிட்ட பட்டன் ஃபோன். உங்க லிஸ்ட்ல சேர்க்க முடியாதுன்னுட்டாங்க. அதான் அவ மிஷின்ல பாக்கிறேன். அவ வச்சிருந்த தவாய் மாத்திரையைத்தான் தின்னேன். தீர்ந்து ஒரு மாசம் ஆச்சு."

"இப்ப சாப்ட்டேன்னீங்களே?"

"நஹி, சாப்பிடலன்னு சொன்னா திரும்பத் திரும்பக் கேக்கும் சார்."

கருவியில் 196/118. எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் பத்து நிமிடம். படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள். மாலையில் 150க்கு இறங்கியது.

"ஃபோன்ல பார்வதி பேரை எடுத்துடுவீங்களா? காலையில அவ பேரைச் சொல்லிக் கூப்பிட அது ஒண்ணுதான் இருக்கு" என்றார் சரசு.

எடுத்துவிட்டேன். சரசுவின் பெயரை ஏற்றினேன்.

இப்படி ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், ஆறு மணிக்குள் இருட்டிவிடும். இறப்பைப் பதிய ஆப்பில் இடம் வையுங்கள். பட்டியலில் இடம் கிடைக்காதவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். ரொம்பத் தேட வேண்டாம், பக்கத்து அறையில்தான் இருப்பார்கள்.