டிரம்மில் வளர்ந்த ப்ரோக்கோலி

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. கடல் பக்கம் என்பதால் மண்ணெல்லாம் உப்பு, கீரைகூட வராது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஐப்பசியில், லீவு முடிந்து கிளம்பும் முன் அவர் ஒரு விதைப் பொட்டலத்தை எடுத்தார். ஏதோ துறைமுகத்தில் வாங்கியது. மேலே பச்சை நிறக் காலிபிளவர் போல ஒரு படம். ப்ரோக்கோலி என்றார். கப்பலில் அதிகாரிகளுக்கு அதைத்தான் அடிக்கடி வேகவைத்துக் கொடுப்பாராம்.

பழைய பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து, காய்ச்சிய கம்பியால் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாணி எருவும் நிரப்பி விதைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். அடைமழையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். மழை விட்டதும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். துறைமுகப் பக்கமிருந்து காற்றில் வந்து இலையில் படியும் கரித்தூளை ஈரத்துணியால் துடைத்தேன். புழுவைக் கையால் பொறுக்கினேன்.

எங்களுக்கு ஃபோன் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பாய் வீட்டுக்குத்தான் அவர் கூப்பிடுவார். மார்கழியில் ஒருநாள் அந்த வீட்டு அக்கா குரல் கொடுக்க, ஓடினேன்.

“செடி எப்டி கீது?” என்றார் ஃபோனில்.

“மொதல்ல புள்ளைங்கள பத்தி கேளு. நடுவுல கோலிகுண்டு கணக்கா ஒண்ணு வந்துகீது. எப்ப அறுக்கறது?”

“எனக்கு இன்னா தெரியும்? பொட்டியில வரும், வேக வெப்பேன். பொங்கலுக்கு வந்துடுவேன், அப்ப பாத்துக்கலாம்.”

பொங்கல் வந்தது, அவர் வரவில்லை. மாற்று ஆள் வராததால் கப்பலிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. பூ அதற்குள் கைப்பிடி அளவுக்குத் திரண்டிருந்தது. அவர் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன். கொஞ்ச நாளில் மொட்டுகள் விரிந்து மஞ்சள் பூவாகத் தொடங்கின. தினமும் அதைப் பார்க்கப் பார்க்க அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அக்கா மதில்மேல் கையூன்றிப் பார்த்தார். “இன்னும் இன்னாத்துக்கு வெச்சிகினு கீறே?”

“அவரு வரட்டும்னுதான்க்கா.”

“உன் வூட்டுக்காரரு கதை செடிக்குத் தெரியுமா? வெட்டும்மா.”

வெட்டினேன். முட்டை ஊற்றி வதக்கினேன். லேசாகக் கசந்தது. பிள்ளைகள் முட்டையை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். தண்டையும் முற்றிய இலையையும் அக்கா தன் ஆட்டுக்குப் போட்டார். டிரம்களைக் காலி பண்ணச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். வெட்டிய இடத்துக்குக் கீழே, பக்கத்துக் கணுக்களிலிருந்து சின்னச் சின்னதாகப் பூக்கள் கிளம்பின.

அவர் மாசியில் வந்தார். சட்டைகூட மாற்றாமல் பின்பக்கம் போய் டிரம் முன்னால் உட்கார்ந்தார்.

“இது இன்னா இத்துனூண்டு? பெருசா இருக்குமே,” என்றார்.

“இருந்துது,” என்றேன்.

பிறகு அவரே கிள்ளியெடுத்து, பூண்டும் மிளகும் போட்டுச் சமைத்தார். உப்பு அதிகம். ஒரு கிண்ணம் மதில் தாண்டிப் போனது. அடுத்த ஐப்பசியில் அவர் வீட்டில்தான் இருந்தார். அந்த விதை இங்கே எங்கும் கிடைக்கவில்லை. காலிபிளவர் நாற்று வாங்கி வந்து, இருவருமாக நட்டோம்.