கொக்கு இல்லாத கூரம்

சபாபதி அண்ணன் ஒரு திருகாணியைத் திருகினால், நிலாவில் இறங்கிய ஆசாமிகளே காஞ்சிபுரத்தைக் கூப்பிட்டு "யாருப்பா லைன்ல?" என்று கேட்பார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னது நான் என்பதால் ஒருவரும் நம்பவில்லை.

அண்ணன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்காரச் சொன்னால் ரேடியோவைக் கழற்றுவார். அப்பா கோபத்தில் பேச்சை நிறுத்தினார். கழற்றிய ரேடியோவும் பேசவில்லை. இப்போது பிள்ளையார்பாளையத்தில் அதே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் ரிப்பேர் வேலை; எடுபிடிக்கு நான்.

கூரம் ஏரியில் தண்ணீர் ஏறினால் பொதுப்பணித்துறை ஆபீசுக்குத் தகவல் சொல்லும் வயர்லெஸ் செட், போன மழையில் ஊமையாகிவிட்டது. எப்போதும் மெட்ராஸுக்குப் போகிற வேலை, இந்த முறை அண்ணனிடம் வந்தது.

"சாயங்காலம் வருவேன். கூரத்தோட பேசிக் காட்டு. பேசிச்சுன்னா இனிமே எல்லா செட்டும் உனக்குதான். இல்லாட்டி மெட்ராஸுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஓவர்சியர் வீராசாமி.

அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பழுது பார்த்த செட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதன் ஜோடியை என் சைக்கிள் கேரியரில் கட்டினார்.

"தர்மா, கூரம் ஏரிக்கரையில நின்னுக்கினு பதில் சொல்லு. எப்படி கேக்குதோ, உள்ளத சொல்லு."

"நீ தும்மினாகூட சொல்றேண்ணா."

தெருமுனைப் பிள்ளையார் கோவில் நிழலிலேயே சைக்கிளைச் சாய்த்தேன். வெயிலுக்குப் பயந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரத்தில் ஒன்றும் கேட்காவிட்டால், சாப்பிடாத மனிதரிடம் அதை யார் சொல்வது?

வெகுநேரம் கழித்து செட் கரகரத்தது. "ஒன்... டூ... த்ரீ..."

"கூரம் பேசுது! கணீர்னு கேக்குதுண்ணா! ஏரிக்கொக்கெல்லாம் திரும்பிப் பாக்குது!"



"கொக்கா?"

"ஆமாண்ணா, கூட்டமா."

"டேய், நான் இன்னும் ஏரியல் கம்பியே மாட்டலடா. அந்த எடத்துல பல்ப மாட்டி பவர் பாத்துக்கினு இருக்கேன். அலையெல்லாம் பல்புலயே வெளிச்சமா போயிடும். இந்தப் பேச்சு தெருமுனை தாண்டாது."

பிள்ளையார் என்னையே பார்த்தார்.

"பல்பு நல்லா பளிச்சுனு எரியுதுடா" என்றது அண்ணன் குரல், சிரிப்போடு. "ஏரியல் கம்பிய மாட்றேன். ஏறி மிதி."

மிதித்தேன். ஏரிக்கரையில் மூச்சு வாங்க செட்டை இறக்கும்போதே குரல் வந்துவிட்டது, பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல.

"தர்மா! ஓவர்சியர் ஐயா பக்கத்துல இருக்காரு. கேக்குதா?"

"சத்தியமா கணீர்னு கேக்குதுண்ணா!"

"கொக்கு இருக்குதா?"

சுற்றிப் பார்த்தேன்.

"ஒண்ணுகூட இல்லண்ணா."

"அப்ப நெசமாவே கூரம்தாங்க ஐயா" என்று அவர் ஓவர்சியரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.