தண்ணீர் வருமுன் போன் அடித்தவர்

இராசநாயகம் சாரின் மனைவி புஷ்பம் அக்கா போன் அடித்தபோது நான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். காலை நேரக் கூட்டம். யாருடைய குடையோ என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "தெரேசா, இவர் எழும்பேல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்திட்டு, முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டினம்" என்றார். குரலில் அழுகையே இல்லை. வீட்டில் மின்சாரம் போய்விட்டது என்று சொல்வதைப்போல் சொன்னார்.

எனக்கும் அழுகை வரவில்லை. நான் முதலில் செய்த காரியம், முன்னால் நின்றவரை இடித்துத் தள்ளிக்கொண்டு சன்னல் வழியாக வானத்தைப் பார்த்ததுதான். கிழக்கே கறுத்துக் கிடந்தது. ஐயோ, இனி தண்ணீர் ஏறினால் அந்த ஆற்றோரத்து ஆட்களுக்கு யார் போன் அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதர் இறந்த செய்திக்கு மழையைப் பற்றிக் கவலைப்படுகிறவளை என்னவென்று சொல்வீர்களோ, சொல்லிக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் அவரும் முதலில் வானத்தைத்தான் பார்த்திருப்பார்.

திரு. இராசநாயகம் அவர்கள், எங்களுக்கு நாயகம் சார், பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். நான் கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த வேதக்காரப் பெண். அவர்கள் வீட்டில் மெதுவாகப் பேசினால்தான் மரியாதை. எங்கள் வீட்டில் கத்தினால்தான் காதில் விழும். நாங்கள் இருவரும் ஒரே பிரிவில், ஏறக்குறைய ஒரே வயதில், அடுத்தடுத்த மேசைகளில் வந்து உட்கார்ந்தோம். மேலிடத்தில் முடிவெடுப்பவர்களுக்குக் கொள்கை வரைவு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அவர் தொழில்நுட்பமும் பாதுகாப்பும். நான் சமூக நலன். வெள்ளம் மட்டும் இருவருக்கும் பொது.

எங்கள் பிரிவுக்கு வருவதற்கு முன் அவர் செய்த பெரிய வேலை, மோசடிக் குறுஞ்செய்திகளுக்கு எதிரான பிரசாரம். தெரியாத எண்ணிலிருந்து லிங்க் வந்தால் தொடாதீர்கள், அழித்துவிடுங்கள் என்று தொலைக்காட்சி, வானொலி, பேருந்து நிறுத்தம் என்று ஓரிடம் விடாமல் சொல்லவைத்தவர் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "சனம் கேக்குது தெரேசா. திருப்பித் திருப்பிச் சொன்னால் சனம் கேக்கும்" என்பார். நான் விடுவேனா? "உங்க வீட்டு சனம் கேக்கும் சார், எங்க கிள்ளான் சனம் கேக்காதுலா" என்பேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோப்பைப் புரட்டுவார்.

கூட்டங்களில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் பேசி முடித்து, பிஸ்கட் தட்டும் காலியாகி, தலைவர் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார். அதையே பிறகு என்னிடம் தமிழில் சொல்வார்: "எல்லாம் சரி. இது பிழையாப் போனால் ஆர் பதில் சொல்லுறது?" உடனே அறையிலிருக்கும் அத்தனை பேரும் தங்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்காகவே அவரைச் சில கூட்டங்களுக்கு அழைக்காமல் விட்டார்கள். அவர் அழைக்காமலே போய் உட்கார்ந்துகொள்வார்.

கிள்ளான் ஆற்றை ஒட்டி, கம்பம் என்று நாங்கள் சொல்லும் தாழ்வான கிராமம் ஒன்றில் புதிய வெள்ள எச்சரிக்கை முறையை முதலில் செய்துபார்ப்பதென்று முடிவானது. மேலே ஆற்றில் நீர்மட்டம் ஏறினால் கணினி தானாகவே எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். அதிலிருக்கும் லிங்கைத் தொட்டால் எந்த வழியாக வெளியேறுவது என்ற படம் வரும். அழகான ஏற்பாடு. வரைந்தவர் நாயகம் அவர்கள். படித்துப் பார்த்து, பரவாயில்லை என்று சொன்னவள் நான். சோதித்துப் பார்க்கத் தன் மனைவியின் எண்ணையும் அதில் சேர்த்திருந்தார்.

அந்த ஆண்டு மழையில் தண்ணீர் வந்தது. குறுஞ்செய்தியும் சரியான நேரத்துக்குப் போனது. ஒருவர்கூட வீட்டைவிட்டு நகரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது கடவுள் புண்ணியம்.

நாங்கள் இருவரும் நிவாரண மையத்துக்குப் போனோம். பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரப் பாய்களின் நாற்றம். அங்கேதான் குணாவை முதலில் பார்த்தோம். கம்பத்துக் கோயிலின் செயலாளர், லோரியும் வேனும் வைத்திருப்பவர், வாய் கொஞ்சம் பெரிது. "செய்தி வரலையா அண்ணே?" என்று கேட்டேன். "வந்துச்சுக்கா. ஏன் வரல? தெரியாத நம்பர், கீழ ஒரு லிங்க். நீங்கதானே டிவில நாள் முழுக்கச் சொல்றீங்க, தொடாதே, டிலீட் பண்ணுன்னு? பண்ணிட்டோம்லா. கம்பம் மொத்தமும் பண்ணிட்டோம்" என்றார்.

நாயகம் அவர்கள் கைப்பேசியை எடுத்தார். வெளியே வந்து வீட்டுக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் புஷ்பம் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "ஓம், ஏதோ வந்தது. நான் அழிச்சுப்போட்டன். நீங்கள்தானே லிங்க் வந்தால் தொடாதே எண்டு சொன்னனீங்கள்?"

காரில் ஏறிய பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தெரேசா, சனத்தை நான்தான் பழக்கினனான். பழக்கின மாதிரியே செய்திருக்குதுகள். இனி எந்த முகத்தோட கோவிக்கிறது?" ஒரு வேலையில் அவர் கண்ட வெற்றி இன்னொரு வேலையின் கழுத்தை நெரித்துவிட்டது. கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. எனக்கு அவர்மேல் வந்த பாசம் அன்றைக்கு வந்ததுதான்.

அதன்பிறகு அவர் செய்ததை எந்தக் கொள்கை வரைவிலும் பார்க்க முடியாது. சனிக்கிழமைகளில் கம்பத்துக்குப் போகத் தொடங்கினார். குணா, சூரா என்கிற சிறு தொழுகைக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹாஜி, மளிகைக்கடை மிஸ்டர் லிம் ஆகிய மூவரோடும் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தன் எண்ணைக் கொடுத்தார். ஆறு ஏறினால் நானே கூப்பிடுவேன், நீங்கள் சூராவின் ஒலிபெருக்கியில் மூன்று பாஷையிலும் சொல்லுங்கள் என்றார். "குரலையும் இப்ப கம்ப்யூட்டர்லயே செஞ்சிடுறாங்களாம், நீங்கதான்னு எப்படி நம்புறது?" என்று குணா கேட்டாராம். "என்னட்டை ஏதாவது கேளும்" என்றார் இவர். அன்றிலிருந்து குணாவின் கேள்வி ஒன்றுதான்: தோசைக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள்? பதில், சீனி. தோசைக்குச் சீனி தொட்டுச் சாப்பிடும் பெரிய உத்தியோகஸ்தர் என்று கம்பம் முழுக்கச் சிரித்திருக்கிறது.

அலுவலகத்தில் சிரிக்கவில்லை. ஒரு கம்பத்துக்கு ஒரு ஆள் போன் அடிக்கலாம், நாடு முழுக்க யார் அடிப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவரை ஊர் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இவர் வரைவு எழுதினார். எச்சரிக்கைக்காக வாங்கிய எண்களை வைத்து, கைப்பேசிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரத்தைக் குடிநுழைவு பார்க்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் கொடுத்தால் நல்லது என்று ஒருவர் இடையில் நுழைந்தார். கம்பத்தின் பின்கட்டு அறைகளில் பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முதல் வேலையாகப் போனை அணைத்துவிட்டு, தண்ணீர் வரும்போது எதுவும் தெரியாமல் படுத்திருப்பார்கள். "வெள்ளத்துக்கெண்டு வாங்கின நம்பர் வெள்ளத்துக்கு மட்டும்" என்று இவர் மேசையில் தட்டிவிட்டார். அவர் மேசையில் தட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வரைவு இழுபட்டுக்கொண்டே போனது. அதற்குள் இரண்டு முறை ஆறு ஏறியது. இரண்டு முறையும் அவரே போன் அடித்தார், ஆட்கள் வெளியேறினார்கள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "அதுக்குத்தானே வரைவைக் கெதியாப் பாஸ் பண்ணச் சொல்லுறன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வயதில், இந்த இரத்த அழுத்தத்தோடு, ஒரு கம்பத்தின் உயிரைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிற மனிதரிடம் வேறு என்ன பேச?

புஷ்பம் அக்கா போன் அடித்ததற்கு மறுநாள் மதியம் பிரிக்பீல்ட்ஸில் இறுதிச் சடங்கு. கூடத்தில் சந்தனமும் ஊதுபத்தியும். பெரிய பதவியிலிருப்பவர்கள் மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். உரலில் சுண்ணம் இடிக்கும் கிரியை தொடங்கியபோது மழை இறங்கியது. சாதாரண மழை இல்லை. எதிரே இருந்த கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. நான் வாசலுக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். பணியிலிருந்த பெண், "அக்கா, மேலே ஏறுது, ரொம்ப வேகமா ஏறுது. மெசேஜ் போயிருச்சு" என்றாள்.

மெசேஜ் போய்விட்டது! யார் படிக்க?

திரும்பிப் பார்த்தேன். கூடாரத்தின் கீழே, நனைந்த சட்டையோடு, குணாவும் ஹாஜியும் மிஸ்டர் லிம்மும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போன் அடிக்க வேண்டியவர் பெட்டிக்குள். போனை எடுக்க வேண்டியவர்கள் மூவரும் அவருக்கு மரியாதை செய்ய இங்கே. அங்கே யார் இருக்கிறார்கள்? குணா தன் மனைவிக்குப் போன் அடித்தார். அந்த அம்மா கதவு கதவாகத் தட்டக் கிளம்பினார். ஆனால் கம்பம் நீளமானது, மழைச் சத்தம் வேறு. ஒலிபெருக்கி அறையின் சாவி எங்கே என்று ஹாஜியைக் கேட்டேன். அவர் மெல்லத் தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

கிளம்ப வேண்டும். ஆனால் பிரேதம் எடுப்பதற்கு முன் எழுந்து போவது எப்படி? மூவரும் தயங்கி நின்றார்கள். குணா, "ஒரு அரைமணி நேரம்தானேக்கா, எடுத்துடுவாங்க, அப்புறம் போயிடலாம்" என்றார். நானும் அங்கேயே நின்றேன். இத்தனை வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? புஷ்பம் அக்கா எங்களைக் கவனித்திருக்க வேண்டும். தலைமாட்டிலிருந்து எழுந்து, பெண்களை விலக்கிக்கொண்டு வந்தார். "ஆறு ஏறுதோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"அப்ப ஏன் நிக்கிறியள்? போங்கோ."

"அக்கா, இன்னும் எடுக்கல…"

"எடுக்கிறதுக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம். அங்க ஆர் இருக்கினம்? போங்கோ தெரேசா, அவர் கோவிக்கமாட்டார்" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அப்போதுதான் அவர் அழுதார். நானும் அழுதேன். ஊரே பார்க்க, செருப்பைத் தேடாமல் ஓடினேன்.

குணாவின் வேனில் போனோம். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். குணா வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினார். ஹாஜி பின்னால் ஓதிக்கொண்டே வந்தார். நானும் வழி முழுக்க மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் சேர்ந்தபோது கம்பத்தின் கீழ்க்கோடியில் சாக்கடை நிரம்பி, தண்ணீர் சாலையில் ஏறத் தொடங்கியிருந்தது. ஹாஜி சாவியைப் போட்டுத் திறந்தார். அவர் மலாயில் சொன்னார், லிம் ஹொக்கியன் சீனத்தில் சொன்னார். தமிழுக்குக் குணா மைக்கை என்னிடம் நீட்டினார். "எனக்குத் தொண்டை போச்சுக்கா, நீங்க சொல்லுங்க" என்றார். உண்மையில் அவர் விம்மிக்கொண்டிருந்தார்.

என் குரல் அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே நான் முதலில் நாயகம் அவர்களின் பெயரைச் சொன்னேன். நாயகம் சார் வீட்டிலிருந்து வந்திருக்கிறோம், தண்ணீர் வருகிறது, எழுந்து வாருங்கள் என்றேன். கதவுகள் திறந்தன. பாயும் பிள்ளையும் பூனையுமாக ஆட்கள் மேட்டுக்கு ஏறினார்கள். பின்கட்டு அறைகளிலிருந்த வெளிநாட்டுப் பையன்களும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்கள்.

வரைவு இன்னும் பாஸ் ஆகவில்லை. அடுத்த வாரம் கூட்டம். அவருடைய நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. குணாவின் போனில் இப்போது என் எண் இருக்கிறது. ஒவ்வொரு முறை இடி இடிக்கும்போதும் கை அதைத் தேடுகிறது.

நாயகம் சார், உங்களைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் தகனம் செய்த நேரத்தில் நான் அங்கே இல்லை. வாய்க்கரிசியும் போடவில்லை, கும்பிடவும் இல்லை. அந்த நேரத்தில் நான் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வாசலாக ஏறி, உள்ளே போனது. உள்ளே யாரும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.