எல்லோரிடமும் இருந்த பழைய பைல்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாய் நான்தான், காலைப் பூசையில் மெழுகுவர்த்தியோடு அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவள். மாதா கோயில் நடக்கிற தூரம்தான். ஆனால் நான் திண்டுக்கல் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். சனிக்கிழமையிலிருந்து என் புது லேப்டாப்பில் பில்டு ஓடவில்லை, அதாவது எல்லோரும் எழுதிய நிரல்களைச் சேர்த்து மென்பொருளாக்கும் வேலை நடக்கவில்லை.

"எல்லாருக்கும் ஓடுது, உனக்கு மட்டும் ஏன் ஓடல? ஓடுற வரைக்கும் எந்திரிக்காத" என்றார் டீம் லீடர் போனில்.

"சார், உங்க பில்டு போல்டர ஒரு தடவை அழிச்சிட்டு ஓட்டிப் பாருங்க."

"நாலு மணி நேரம் ஆகும். யாரு உட்கார்றது?"

நான் உட்கார்ந்தேன். மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஹெடர் பைல் ஒன்றைக் காணவில்லை என்பதுதான் கோளாறு. எங்கள் ஹெடர்கள் பலவற்றை மனிதர் எழுதுவதில்லை. ஒரு பட்டியலைப் படித்து இன்னொரு நிரல் எழுதிக் கொடுக்கும். அந்தப் பட்டியலே இல்லை. பழைய மாற்றங்களைப் புரட்டினால், சில மாதங்களுக்கு முன் அதைத் தேவையில்லை என்று அழித்தவர் டீம் லீடரேதான். பட்டியல் போய்விட்டது, அதிலிருந்து முன்பு உருவான ஹெடர் மட்டும் எல்லோருடைய பில்டு போல்டரிலும் கிடந்திருக்கிறது, என் புது லேப்டாப்பைத் தவிர. ஒருவர்கூட அதைத் துடைத்துவிட்டு ஓட்டியதில்லை. அத்தனை பேரும் பொறியியல் படித்தவர்கள்!

ஞாயிறு காலை அம்மா பட்டுச்சேலையோடு வாசலில் நின்றார்.

"இந்தா வாரேன்மா."

"எம்புட்டு நேரமாடி இதையே சொல்லுவ? பூசைக்கு மணி அடிச்சிருச்சு. நாங்க போறோம்."

டீம் லீடரைப் போனில் பிடித்து ஆதாரத்தோடு சொன்னேன்.

"சரி, என் பைலை அனுப்புறேன், போட்டுக்க. யாரும் பில்டு போல்டரை அழிக்க வேணாம்னு குரூப்ல சொல்லிடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் என் கையால். ஒரு மன்னிப்பு இல்லை. போனை வைத்தேன். பைல் வந்தது, பில்டு ஓடியது, நானும் ஓடினேன்.

கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என் இடத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் நின்றிருக்கிறார். பிள்ளை வெள்ளை கவுனோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏன் சித்தி வரல? உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்லடி தங்கம். அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு."