ஃபஹீமா பிடிவாதமாகப் போட்ட பிராசஸர்

ஃபஹீமாவுக்குப் பிடிவாதம் அதிகம். பெருங்களத்தூரில் ஒரு மாடியில் எட்டுப் பேர் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் இதை மறுப்பவர் யாருமில்லை. குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் சின்ன மெஷின் செய்வது அவர்கள் வேலை. குழந்தையின் வயிற்றில் கட்டிய பட்டை இருபது நொடி அசையாவிட்டால் மெஷின் அலறும்.

2008-இல் கரண்ட் கட் மணிக்கணக்கில் நீண்டபோது மெஷினின் பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. புது பிராசஸர் போடலாம் என்று ஆரம்பித்தாள் ஃபஹீமா. பழையதைவிட நாலு மடங்கு வேகம். கணக்கைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கிவிடும், நொடிக்கு நாலு தடவை மட்டும் விழிக்கும். பேட்டரி பத்து நாள் வரும்.

மூத்த எஞ்சினீயர் தேவானந்தம் தயங்கினார். "பழசு ஆறு வருஷமா ஓடுதும்மா. இது தூங்கிட்டு எழுந்துக்கலைன்னா?"

"எழுந்துக்கும் சார். பிராசஸரோட வந்த டேட்டா ஷீட்டை நீங்க படிக்கவே இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். புது பிராசஸரையே போட்டார்கள்.

முதல் மெஷின் சோதனைக்காக முடிச்சூரில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனது. ஐந்தாம் நாள் காலை, அவள் மேஜையில் இருந்த அதே மாதிரி இன்னொரு மெஷின் தூங்கியது எழவில்லை. பட்டை சும்மா கிடந்தது, அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. ஆனால் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரியை மிச்சம்பிடிக்க அந்த விளக்கைத் தனி டைமரில் மாட்டியது அவளேதான். பிராசஸர் செத்துக் கிடந்தாலும் விளக்கு மின்னும்.

நர்ஸிங் ஹோம் போன் எங்கேஜ்டாகவே இருந்தது. தேவானந்தத்திடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நீ கிளம்பு. நான் போன் போட்டுட்டே இருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டோவில் ஏறினாள். யா அல்லாஹ், அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வேறெதுவும் மனதில் வரவில்லை.

"இன்னா மேடம், ஆஸ்பத்திரில யார்னா சீரியஸா கீறாங்களா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா" என்றாள்.

வாசலில் நர்ஸ் மெட்டில்டா சிரித்தபடி வந்தாள். "வாங்க மேடம். உங்க மெஷின் வந்ததுலேர்ந்து நிம்மதி. தொட்டில் பக்கம் அடிக்கடி போகவே வேணாம்."

ஃபஹீமா அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள். அறைக்குள் குழந்தையின் அம்மா கோகிலவாணி நாற்காலியில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு மின்னியது. ஃபஹீமா தொட்டிலில் குனிந்து குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இளஞ்சூடாகப் பட்டது. அப்போதுதான் இவளுக்கு உயிர் வந்தது.

பிறகு பட்டையை மெல்லக் கழற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நொடி. முப்பது. ஒரு நிமிஷம். விளக்கு மின்னியபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. இன்று காலையிலிருந்தா, முதல் நாளிலிருந்தேவா என்று யாராலும் சொல்ல முடியாது.

கோகிலவாணியின் தோளைத் தொட்டு எழுப்பினாள். "அக்கா, இந்த மெஷினை எடுத்துட்டுப் போறேன். வேலை செய்யலை."

"அது பாத்துக்கும்னுதானே நாலு நாளா நான் கண்ணை மூடறேன்?"

"அது பாத்துட்டு இருந்துச்சான்னு எனக்கே தெரியலைக்கா."

கோகிலவாணி குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்போ, இவ்ளோ நாளா யார்தான் பாத்துட்டு இருந்தாங்க?"