டம்மியின் எடை

அந்தப் பார்சல் கிடங்கில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். ஓடும் பெல்ட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுப்பாள். உள்ளங்கையில் ஒரு தரம் ஏந்திப் பார்த்து வாயால் ஓர் எடையைச் சொல்வாள். பிறகுதான் மெஷினில் வைப்பாள். மெஷின் பெரும்பாலும் அவள் சொன்னதையே காட்டும். காட்டாவிட்டால் சுற்றி நிற்பவர்கள் மெஷினைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பெல்ட் மெக்கானிக்குக்கு ‘நட்டு’ என்று பெயர். அவன் வாய் சும்மா இருக்காது.

“அக்கா, என் மனசுல பெரிய பாரம் இருக்கு. எவ்வளவு இருக்கும்னு சொல்லேன்.”

“மனசு இருக்கிறவன் கேக்க வேண்டிய கேள்வி அது. நகரு, பெட்டி வருது.”

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவளுக்கு இன்னொரு எடை காத்திருக்கும். தம்பி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவனைத் தூக்கி மாற்ற வேண்டும். தசைகளைத் தின்னும் நோய் அவனுக்குப் பள்ளிக்கூட மாடிப்படியில் ஆரம்பித்தது. முதலில் படி ஏற முடியவில்லை, பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. முப்பதை நெருங்கும்போது இரண்டு கைகள்தான் அவன் சொல் கேட்டன. வருஷத்துக்கு வருஷம் அவன் எடை குறைந்தது. தூக்குவது மட்டும் அவளுக்குச் சுலபமாகவே இல்லை.

அந்தக் கைகளால் அவன் வீடியோ கேம் ஆடினான். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் பித்தான்கள் வைத்த அந்தச் சின்னத் திரையைக் கையில் பிடித்து, பகல் முழுக்கக் கடலில் கப்பல் ஓட்டிக்கொண்டிருப்பான். அதையே கொண்டுபோய் முன்னறை டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் தாங்கியில் செருகினால் படம் டிவியில் வரும். ஆனால் அதற்கு அவனை யாராவது முன்னறைக்குத் தூக்கிப் போக வேண்டும். கையில் பிடித்து ஆடுவதற்கு யாரும் வேண்டாம். அவள் வேலைக்குப் போன பிறகு அவனாகவே செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். கூட ஆடுகிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். எல்லோருக்கும் அவன் ‘கேப்டன்’. கேப்டன் படுத்துக்கொண்டே கப்பல் ஓட்டுகிறார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கருவியின் அடுத்த மாடல் வருகிறது என்று முதன்முதலில் செய்தி வந்த அன்று, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கத்தினான்.

“அக்கா! படம் கசிஞ்சிடுச்சு!”

“கசியறதுக்கு அது என்ன குழாயா? எந்தப் படம்?”

“புதுசோட படம். திரை பெருசு. கப்பல் கதையோட மூணாவது பாகம் இதுல மட்டும்தான் வருமாம். பழசுல வராது.”

“அப்ப வாங்கிடுவோம்.”

“பொறு. ஆயிரம் சந்தேகம் இருக்கு.” கையில் கருவியைப் பிடித்திருந்ததால் கண்ணாலேயே எண்ணினான். “பேட்டரி பத்துமா? பழைய கேம் ஓடுமா? பழசுல கட்டை விரலால தள்ளுற ஸ்டிக் தானா நகருமே, அந்த வியாதி இதுக்கும் இருக்குமா?”

“வியாதியா?”

“ஆமா. அது தொடாமலே நகருது. நான் தொட்டாலும் நகர மாட்டேங்கிறேன். நல்ல ஜோடி.” சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “எடைதான்க்கா. பெரிய திரைன்னா எடை கூடும். அரைக் கிலோவைத் தாண்டும்னு பேசிக்கிறாங்க. நான் பிடிப்பேனா?”

எடை என்று வந்துவிட்டால் அவள் பார்த்துக்கொள்வாள். மறுநாள் நட்டுவிடம் போய் நின்றாள்.

“கழிச்சுப் போட்ட வாஷர் வளையம் இருந்தா கொடு.”

“என்னக்கா, இரும்புக் கடை வைக்கப்போறியா? பங்குக்கு நானும் வரேன்.”

“இரும்பைக் கொடு, வாயைக் கொடுக்காதே.”

கசிந்த படத்தில் இருந்த அளவுக்கே கெட்டி அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டினாள். இரும்பு வளையங்களை உள்ளே அடுக்கி, ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்து அடைத்தாள். கிடங்கு மெஷினில் வைத்து, செய்திகளில் அடிபட்ட எடைக்கு இம்மியும் பிசகாமல் சரிபார்த்தாள். முகப்பில் கறுப்புக் காகிதம், இரண்டு ஓரமும் பித்தான் மாதிரி சட்டைப் பித்தான்கள். அன்றைக்குப் பூராவும் கிடங்கில் அதுதான் பேச்சு.

தம்பி அதை வாங்கிப் பிடித்தான். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு பாதி ஓடும்வரை பிடித்திருந்தான். பிறகுதான் முழங்கை இறங்கியது.

“பிடிச்சிட்டேன்! பார்த்தியா?” முகமெல்லாம் வியர்வை. “இதை டம்மின்னு சொல்லாதே. ஒத்திகைன்னு சொல்லு.”

ஆனாலும் டம்மி என்ற பெயர்தான் நிலைத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவன் அதைப் பிடித்துப் பழகினான். ரேடியோவில் பாட்டுப் போட்டு அதை வைத்துத்தான் கணக்கு.

கம்பெனிக்காரர்கள் வருஷக் கடைசி என்றார்கள். அந்த வருஷக் கடைசி வந்து போனது. இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறதாம், பொறுமைக்கு நன்றியாம். தம்பி அந்த அறிவிப்பை இரண்டு முறை சத்தமாகப் படித்தான்.

“மெருகேத்தட்டும். அவங்களுக்கென்ன, நேரம் இருக்கு.”

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், முதல் பாட்டே முடியவில்லை, டம்மி அவன் மார்பில் விழுந்தது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் டம்மியின் அடிப்பக்க ஒட்டைப் பிரித்தாள். ஒரே ஒரு வளையத்தை எடுத்தாள். அந்த இடத்தில் பஞ்சை வைத்து மறுபடி ஒட்டினாள். அன்று சாயங்காலம் அவன் பாட்டு முடியும்வரை பிடித்திருந்தான்.

“நேத்து ஏதோ அசதிக்கா.”

“அப்படித்தான் இருக்கும்.”

ஒரு தடவை எடுத்த கைக்கு அடுத்த தடவை கூச்சம் இருப்பதில்லை. கை நடுங்குவதைப் பார்த்தால் ஒரு வளையம். முழங்கை சீக்கிரம் இறங்கினால் இன்னொன்று. எடுத்தவற்றைக் குப்பையில் போட மனம் வராமல் காலியான காபித்தூள் பாட்டிலில் போட்டு, துணி அடுக்குக்குப் பின்னால் வைத்தாள். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. பழைய கருவி ஸ்டிக் முழுதாகக் கெட்டு மூலைக்குப் போய்விட்டதால், புதுசு வரும்வரை கையில் பிடிக்க அவனுக்கு டம்மி மட்டும்தான் இருந்தது. அவன் கைக்கு அது எப்போதும் ஒரே எடையாகத்தான் இருந்தது. வலுவும் இரும்பும் சேர்ந்தே குறைந்துகொண்டிருந்தன.

இடையில் பிசியோ மேடம் வந்தார். மாதம் ஒருமுறை வந்து கைகளை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

“தம்பி, கன்னத்தாலயும் தாடையாலயும் அழுத்துற மாதிரி ஸ்விட்ச் இருக்கு. உங்க கேமையே அதுல ஆடலாம். ஆனா கை நல்லா இருக்கும்போதே, இதையும் அதையும் சேர்த்துப் பழகணும். கை போனப்புறம் புதுசா கத்துக்கிறது ரொம்பக் கஷ்டம். இப்ப எங்க பயிற்சியில ஓர் இடம் காலியா இருக்கு, பேரைக் கொடுக்கட்டுமா?”

“எனக்கெதுக்கு மேடம்? கை அப்படியேதான் இருக்கு. அக்காகிட்ட கேளுங்க. போன வருஷம் பிடிச்ச அதே எடையை இன்னைக்கும் பிடிக்கிறேன்.”

பிசியோ மேடம் அவளைப் பார்த்தார். நம்ப முடியாத சந்தோஷத்தோடு பார்த்தார்.

“அப்படியாம்மா? அதே எடையா?”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். தம்பியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகத்தோடு.

“ஆமா மேடம்,” என்றாள். “அதேதான்.”

காலியாக இருந்த இடம் வேறு யாருக்கோ போனது.

கடைசியில் அந்தக் கருவி வந்தேவிட்டது. விற்பனை நாளன்று கிடங்கு தாங்கவில்லை. ஒரே அளவில், ஒரே நிறத்தில், பெல்ட் முழுக்க அந்தப் பெட்டிகள். நட்டு உற்சாகத்தில் கூவினான்.

“அக்கா, இன்னைக்கு உனக்கு வேலை சுலபம். எல்லாம் ஒரே எடை!”

அவள் முதல் பெட்டியைக் கையில் ஏந்தினாள். அட்டை, தாங்கி, ஒயர் எல்லாவற்றையும் மனத்துக்குள் கழித்தாள். உள்ளே இருக்கும் பொருளின் எடை உள்ளங்கையில் மிஞ்சி நின்றது. அவர்கள் முதலில் பேசிக்கொண்ட அதே எடை. ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் கட்டிய டம்மியின் எடை. வீட்டில் இப்போது இருக்கும் டம்மியில் அட்டையும் பஞ்சும் இரண்டு மூன்று வளையங்களும்தான் பாக்கி. எடையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மெஷினே சொல்லட்டும் என்று வைத்தாள். அன்று முழுக்க அந்த எடை மறுபடி மறுபடி அவள் கைக்கு வந்துகொண்டே இருந்தது.

தம்பியின் பெட்டியும் அந்தப் பெல்ட்டில்தான் வந்தது. சாயங்காலம் கையோடு கொண்டுபோனாள்.

காலையிலேயே அவளைச் சட்டை மாற்றிச் சீவிவிடச் சொல்லி, அவன் தயாராக உட்கார்ந்திருந்தான். பெட்டியை அவளையே பிரிக்கச் சொன்னான், மெதுவாக, ஒட்டு கிழியாமல். திரையில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

“கொடு.”

“முதல்ல டிவியில போட்டுப் பார்ப்போமாடா?”

“அக்கா, கொடு.”

கொடுத்தாள். தன் கையை அடியில் வைத்தே கொடுத்தாள்.

“கையை எடு.”

எடுத்தாள். எடுத்த அதே கணம் அது அவன் மடியில் போய் விழுந்தது. இரண்டு கைகளும் அதன்மேல், அதை விடாமல், கூடவே விழுந்து கிடந்தன. அவன் குனிந்து அவற்றைப் பார்த்தான். தூக்க முயன்றான். தோள் மட்டும் ஒரு முறை அசைந்தது.

“இது பழுது. எடை தப்பா இருக்கு,” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். எதைப் பார்த்தானோ, அவன் குரல் மாறிவிட்டது. “டம்மியை எடுத்துட்டு வா.”

கொண்டுவந்தாள்.

“பிரி.”

பிரித்தாள். பஞ்சு வந்தது. இன்னும் பஞ்சு வந்தது. அடியில் மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று உரசின.

“எப்பத்திலேருந்து?”

“முதல் குளிர்காலத்துலேருந்து.”

“மேடம் வந்தப்பவும்?”

அவள் தலையாட்டினாள்.

“அவங்க பேரைக் கொடுக்கட்டுமான்னு கேட்டாங்கல்ல?”

“கேட்டாங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

அவள் சிதறிய பஞ்சை அள்ளினாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. “என்னைப் படுக்க வை” என்று மட்டும் சொன்னான்.

இரண்டு நாள் அவள் தூக்கினால் தூக்கவிட்டான், ஊட்டினால் சாப்பிட்டான், அவ்வளவுதான். புதுக் கருவி அலமாரியில் கறுப்பாகக் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“எடுத்த வளையமெல்லாம் எங்க?”

துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். வெளிச்சத்தில் காட்டச் சொன்னான். கழுத்துவரை நிறைந்திருந்தது.

“இவ்வளவா?” என்றான். “கையில வை.”

அவன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையில் வைத்தாள். கை படுக்கையில் அழுந்தியது.

“எவ்வளவு இருக்கும், தராசு?”

அந்தப் பெயரால் அவன் அவளைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவளுக்குத் தெரியும், துல்லியமாகவே தெரியும்.

“தெரியலடா,” என்றாள்.

“சரி, எடு. கை வலிக்குது.” பிறகு அலமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினான். “அதோட ரெண்டு பக்கமும் தனியா கழண்டு வரும். திரையை என் முன்னால ஒரு பலகையில நிறுத்து. இடது பக்கத்தை நீ பிடி. வலது கட்டை விரல் எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதேடா.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? நடக்கிறது நீ. குதிக்கிறதும் வெட்டுறதும் நான். சொன்னதைச் செய்.”

திரையில் கடல் விரிந்தது. அவள் விரலால் நெம்பினாள். கேப்டன் நேராகப் போய்ச் சுவரில் முட்டினார்.

“சுவரு! அது சுவருக்கா! பெல்ட்டுல பெட்டி தள்ளுற மாதிரி தள்ளாதே!”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்க்கும்போது அவன் கண் திரையிலேயே இருந்தது, கன்னம் நனைந்திருந்தது. துடைக்கப் போனாள்.

“விடு. ஸ்டிக்கை விடாதே, கப்பல் கிளம்பப் போகுது.”

மறுநாள் காலை அவனைச் சாய்த்து உட்காரவைத்து, தண்ணீர் உறிஞ்சும் குழாயை வாய்க்கு எட்டும்படி திருப்பிவிட்டு, அவள் செருப்பை மாட்டினாள். திரையை அணைக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். கதவைச் சாத்தும்போது பார்த்தாள். அவள் நிறுத்திய இடத்திலேயே, துறைமுக மேடையின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி கேப்டன் நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் அவள் வரும்வரை அப்படியேதான் நிற்பார்.