முதல் புகை

புகைகிற துணியைக் கழற்றுவதா, பொறுப்பதா? அன்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில், நான் டீ குடிக்கும் உணவுக்கடையில் அடுப்பின் புகைக்குழாய் சமையற்காரர் நடேசனின் கையை இருமுறை சுட்டிருந்தது. வெப்பக்காப்புப் பொருள் விற்கும் இளமதி குழாயின் சூட்டை அளந்து, அதைத் தாங்கும் கண்ணாடியிழைப் பஞ்சையும் துணியையும் தேர்ந்தெடுத்துக் குழாய்மேல் சுற்றினார். அடுப்பை மூட்டியதும் துணி புகைந்தது.

“தங்கச்சி, எரியுதுலா! கழட்டு! என் கையில இனிமே தோல் மிச்சமில்ல!” என்றார் நடேசன்.

“கண்ணாடி நூல் எரியாதுண்ணே. முதல் சூட்டுல, அதுல பூசுன பசைதான் புகையாப் போகுது. சன்னலைத் திறந்துட்டுப் பொறுங்க.”

சொல்லிவிட்டாலும், அளவு தவறியிருக்குமோ என்று இளமதி குழாயின் சூட்டை மறுபடி அளந்து பார்த்தார்.

கால்மணி நேரத்தில் புகை அடங்கியது. நடேசன் தயங்கித் தயங்கித் துணிமேல் விரலை வைத்தார்.

“டீ கிளாஸ் சூடுதான்லா!”

முதல் புகைக்கே பதறிக் கழற்றுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.